நிக்கிற லாரியும் நான் வச்ச செவப்புப் புள்ளியும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் மூணு மாசமா கடைப்பக்கம் தலைகாட்டலை. வந்ததும் லேசா ஒரு மொக்கையைப் போட்டு கணக்கை ஆரம்பிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்துல அண்ணன் கேட்ட ஒரு கேள்வி இன்னும் தொண்டையிலயே நிக்குது. அதை இறக்கி வச்சிட்டு மொக்கைக்குப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் பொட்டி தட்டுறவன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். என்ன பொட்டின்னு சொன்னதில்லை. லாரிப் பொட்டி. சரக்கு லாரியில ஜிபிஎஸ் கருவியை மாட்டி, வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு சரக்கு அனுப்புற கம்பெனிகளுக்கு மேப்புல காட்டுற மென்பொருள். ஓடுற வண்டி பச்சைப் புள்ளி. வழியில முப்பது நிமிஷத்துக்கு மேல நின்னா செவப்புப் புள்ளி. செவப்பானதும் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு அலர்ட் போகும். அங்க உக்காந்திருக்கிற பொண்ணோ பையனோ டிரைவருக்கு போன் போட்டு "வண்டி ஏன் நிக்குது"ன்னு கேக்கணும். அந்த முப்பது நிமிஷ சமாச்சாரத்தை எழுதுனது சாட்சாத் அடியேன்தான். அதுக்கு டீம் மீட்டிங்ல கைதட்டு கூட வாங்கியிருக்கேன்.

இப்ப அண்ணன். எங்க பெரியப்பா மகன். பதினெட்டு வருஷமா லாரி ஸ்டியரிங் புடிக்கிறவர். எங்க ஊரு பச்சைமலை அடிவாரம், துறையூர்ல இருந்து உப்பிலியபுரம் போற பக்கம். பச்சைமலைன்னா திருச்சிக்காரங்களே பாதிப் பேரு "அது எங்க இருக்கு"ன்னு கேப்பாங்க. பக்கத்துல கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவை வச்சிக்கிட்டு பேரு வாங்கிடுச்சு. எங்களது சத்தமில்லாத மலை. மழையை நம்பி மரவள்ளி, முந்திரி, அப்புறம் கொஞ்சம் நெல்லு. எங்க பக்கத்துப் பசங்க படிப்பு ஏறலைன்னா போற வழி ஒண்ணுதான். துறையூர்ல பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள நாமக்கல். அங்க பட்டறையில எடுபுடியா சேர்ந்து, கிளீனராகி, டிரைவராகி வருவாங்க. அண்ணன் வந்ததும் அப்படித்தான். நான் மட்டும் எப்படியோ இன்ஜினியரிங் முடிச்சு தப்பிச்சேன். தப்பிச்சேன்னு சொல்றது சரியான்னு இந்தப் பதிவு முடியும்போது நீங்களே சொல்லுங்க.

பொங்கலுக்கு மறுநாள் ரெண்டு பேரும் பைக்குல டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போயிருந்தோம். டீக்கடை பெஞ்சுல உக்காந்து, மரவள்ளி மூட்டை ஏத்திக்கிட்டு இருந்த ஒரு சின்ன லாரியைப் பாத்துக்கிட்டே அண்ணன் கதை சொன்னார்.

"போன மாசம் தாவணகெரே தாண்டி ஒரு பங்க்ல வண்டியைப் போட்டுப் படுத்தேன்டா. ராத்திரி ரெண்டு மணிக்கு போன். இந்தியில ஒரு பொண்ணு, வண்டி ஏன் நிக்குதுங்குது. தூங்குறேம்மான்னேன். எப்ப கெளம்புவீங்கங்குது. முழிச்சா கெளம்புவேன்னேன். அரை மணி கழிச்சு திரும்பவும் அடிக்குது. அந்தப் பொண்ணு மேல கோவமில்லடா, பாவம் அதுவும் ராத்திரி கண்ணு முழிச்சுத்தான் வேலை பாக்குது. நிக்கிறது தப்புன்னு அந்த மிஷினுக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்திருக்கான் பாரு, அவன் ஒரு தடவை என்கூட வண்டியில வரணும்."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. எந்தக் கம்பெனி லோடுன்னு கேட்டேன். சொன்னார். எங்க கஸ்டமர்தான்.

"அந்த ஒருத்தன் நாந்தாண்ணே" அப்படின்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரிச்சார். "நான் தூங்குறது உனக்கு செவப்பாவாடா தெரியுது?"ன்னு கேட்டுட்டு, டீ கிளாஸைக் கீழ வச்சார். "அதுசரி, நீதான் ஒரு தடவை என்கூட வந்திருக்கியேடா. அப்பவே மறந்துட்டியா?"

மறக்கலை. அதுதான் கொடுமை.

2019 ஜூன். காலேஜ் முடிச்சிட்டு ஜாயினிங் டேட்டுக்காக வீட்டுல வெட்டியா உக்காந்திருந்த நேரம். "சும்மாதான இருக்க, வாடா நாசிக் பாத்துட்டு வரலாம்"னு அண்ணன் கூப்ட்டார். அப்பவே வண்டியில கிளீனர் கிடையாது. செலவைக் குறைக்கணும்னு ஓனருங்க ஒவ்வொருத்தரா கிளீனரை நிறுத்திக்கிட்டு இருந்தாங்க. ஆக நான்தான் பேச்சுத்துணை, கயிறு கட்ட ஒரு கை.

போறப்ப லோடு ஜவ்வரிசி. எங்க மலையில விளையிற மரவள்ளி ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகுது. அதை மகாராஷ்டிராக்காரங்க சாபுதானான்னு விரத நாள்ல கிச்சடி செஞ்சு சாப்புடுறாங்க. நாம பாயாசத்துல நாலு முத்து போடுறதோட சரி. வர்றப்ப லோடு நாசிக் வெங்காயம், திருச்சிக்கு. நல்ல ஏற்பாடுதான், ரெண்டு பக்கமும் காலியா ஓட வேண்டாம். போக 1300, வர 1300 கிலோமீட்டர் சுமாரா. நாலு நாள் போக, நாலு நாள் வர, நடுவுல ஒரு நாள் ஊர் சுத்தலாம்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். அண்ணன் அதைக் கேட்டு ஒண்ணும் சொல்லலை. சிரிச்சாரான்னு ஞாபகமில்லை.

புதன்கிழமை காலையில 9 மணிக்கு சேலத்துல ஒரு குடோன் வாசல்ல வண்டியை நிறுத்துனோம். உள்ள விடுறதுக்கே மத்தியானமாச்சு. ஏத்தி, எடைமேடையில எடை போட்டு, தார்ப்பாய் மூடி, கயிறு இழுத்துக் கட்டி, பில்லு வாங்கி வெளிய வரும்போது ராத்திரி 8. பதினோரு மணி நேரம் ஆகியும் வண்டி பத்து கிலோமீட்டர் கூட ஓடலை. சேலம் தாண்டி தொப்பூர் கணவாய்ல எதுக்க எறங்கி வர்ற வண்டிங்களைப் பாத்தாலே நமக்கு அடிவயிறு கலங்கும், அவ்வளவு விபத்து நடக்குற இடம். அண்ணன் அதுல பாட்டுக் கேட்டுக்கிட்டே ஏறுனார். ஓசூர், பெங்களூரு நைஸ் ரோடு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா, புனே. ஓட்டுறது கஷ்டமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். டாரஸ் கேபின்ல இன்ஜின் சூடு ஒரு பக்கம், ஜூன் வெயில் ஒரு பக்கம். உக்காந்த இடம் வெந்துரும். ஆனா ஓட்டுறப்ப அண்ணன் சந்தோஷமா இருந்தார். அது கண்ணால பாத்தது. வழியில ஸ்டவ் பத்தவச்சு சோறும் ரசமும் வச்சு, கருவாடு வறுத்துப் போட்டார். அந்த மாதிரி ரசம் நான் இன்னும் எங்கயும் குடிக்கலை.

சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு நாசிக் குடோன் வாசலுக்குப் போய்ட்டோம். ஆள் கிளம்பிட்டாங்க. மறுநாள் ஞாயிறு. திங்கக்கிழமை லோடுமேன் வரலை. வரலைன்னா ஏன் வரலை, எப்ப வருவான், யாருக்கும் தெரியாது. கேட்டா "ரோக்கோ, ரோக்கோ". இறக்கி முடிச்சது செவ்வாய் மத்தியானம் 3 மணிக்கு. அறுபத்தொம்பது மணி நேரம். ரோட்டோரம், நிழலில்லை, கக்கூஸ் இல்லை. குளிக்க அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்க்ல தண்ணி கெஞ்சணும். ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போக முடியாது. ராத்திரி டீசல் டேங்க்ல ட்யூப் போட்டு உறிஞ்சிருவானுங்க, தார்ப்பாயைக் கிழிச்சு மூட்டையை உருவிருவானுங்க. காணாமப் போனா டிரைவர் கணக்குலதான் புடிப்பாங்க. அதனால அண்ணன் மூணு ராத்திரியும் ஒரு காதைத் திறந்து வச்சுக்கிட்டே படுத்திருந்தார். இதைத் தூக்கம்னு எந்த டாக்டரும் ஒத்துக்க மாட்டார்.

அப்புறம் திரும்பி வர லோடுக்காக புக்கிங் ஆபீஸ் வாசல். லாசல்காவ், பிம்பல்காவ்னு வெங்காய மார்க்கெட்டுங்க பேரை எல்லாம் அங்கதான் கத்துக்கிட்டேன். வியாழன் சாயங்காலம் 6 மணிக்கு லோடு ஏறுச்சு. அது வரைக்கும் 51 மணி நேரம். வெங்காயம் ஏறின அடுத்த நிமிஷத்துல இருந்து கதை மாறுது. "வெங்காயம் வேர்க்கும், அழுகிடும், எங்க வர்ற, எங்க வர்ற"ன்னு போன் மேல போன். அஞ்சு நாள் வாசல்ல உக்கார வச்சப்ப யாருக்கும் இல்லாத அவசரம், இப்ப மொத்தமா டிரைவர் கால்ல வந்து உக்காருது. விபத்து செய்தியில "டிரைவரின் தூக்கக் கலக்கமே காரணம்"னு ஒரு வரி வரும் பாருங்க. அந்தக் கலக்கம் ரோட்டுல உண்டாகுறதில்லை, குடோன் வாசல்லயே உண்டாகிடுது.

சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு திருச்சியில ஒரு மண்டி வாசலுக்கு வந்துட்டோம். முன்னாடி பதினஞ்சு வண்டிக்கு மேல வரிசை.

ஞாயித்துக்கிழமை காலையில ஊர்ல அண்ணன் பொண்ணுக்குக் காதுகுத்து. நாள் குறிச்சப்போ "நாசிக் போயிட்டு வர ஏழெட்டு நாள், தாராளமா வந்துருவேன்"னு அண்ணன்தான் சொல்லியிருந்தார். மண்டியில இருந்து எங்க ஊரு 60 கிலோமீட்டர் இருக்கும். 2600 கிலோமீட்டர் போயிட்டு வந்தாச்சு, இந்த அறுபது மட்டும் பாக்கி. "நான் வண்டியில இருக்கேண்ணே, நீங்க போய்ட்டு வாங்க"ன்னேன். "வரிசை நகந்தா நீ டாரஸை நகத்துவியாடா?"ன்னார். நகத்தலைன்னா பின்னாடி இருக்கிறவன் முன்னாடி போய்டுவான், இன்னொரு நாள் போகும், அதுக்குள்ள வெங்காயம் அழுகினா அந்தப் பேச்சையும் டிரைவர்தான் கேக்கணும். ஓனருக்கு போன் போட்டார், மாத்து டிரைவர் யாரும் கிடைக்கலை. விடியக்காலம் நாலு மணிக்கு என்கிட்ட ரெண்டாயிரம் ரூபாயும், நாசிக்ல பொண்ணுக்கு வாங்கின கவுனையும் குடுத்து "நீ போடா, அண்ணிகிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லிடு"ன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து துறையூர் பஸ் ஏறி நான் போனேன். தாய்மாமன் மடியில உக்கார வச்சு காது குத்துனாங்க. பொண்ணு அழுதுது, எல்லாரும் சிரிச்சாங்க. கறிக்குழம்பு சாப்பிட்டேன். அண்ணி ஒண்ணும் கேக்கலை, ஒரு தூக்குவாளியில குழம்பை ஊத்தி "சாயங்காலம் போறப்ப குடுத்துரு"ன்னாங்க. வண்டி ரிப்பேர் இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சாயங்காலம் நான் போனப்போ வரிசை நாலே வண்டிதான் நகந்திருந்துது. ஞாயித்துக்கிழமை ஏவாரம் மந்தமாம். இறக்குனது திங்கக்கிழமை காலையில 9 மணிக்கு.

வேலை வெட்டி இல்லாததால ஒரு நோட்டுல எல்லாத்தையும் குறிச்சு வச்சிருந்தேன். ஊர்ல இருந்து கொண்டு வந்திருக்கேன், இப்ப முன்னாடிதான் இருக்கு. மொத்தம் 288 மணி நேரம். சக்கரம் சுத்துனது சுமாரா 64. வழியில சாப்பாடு, தூக்கம், டயர், டீ எல்லாம் சேர்த்து 59. மிச்சம் 165 மணி நேரம் யாரோ ஒருத்தரோட கேட்டு வாசல்ல. அண்ணனுக்கு சம்பளம் ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு பேச்சு. ஏழு நாள்ல முடிஞ்சாலும் பன்னெண்டு நாள்ல முடிஞ்சாலும் அதே காசு. ஹால்டிங்னு ஒண்ணு உண்டு, வண்டியைக் காக்க வச்சதுக்குக் குடுக்குற காசு. அது வந்தா ஓனருக்கு, அதுவும் சண்டை போட்டா. டிரைவருக்கு அதுல பங்கு வர்றது ஓனர் மனசைப் பொறுத்தது. ஓனரையும் வில்லனாக்க மாட்டேன். எங்க அண்ணனோட ஓனரே முன்னாள் டிரைவர்தான். ஒத்தை வண்டி, மாசத் தவணை, டீசல் விலை. காக்க வச்ச பார்ட்டிகிட்ட குரலை உசத்துனா அடுத்த லோடு கிடைக்காது.

இதுக்கெல்லாம் சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. நானும் ஊர்ல இருந்து வந்ததும் தேடிப் படிச்சேன். 1961ல மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூரத்துக்குன்னா அனுமதி வாங்கி 10 மணி நேரம் வரைக்கும் போகலாம். படிக்கும்போது நல்லாத்தான் இருந்துது. அப்புறம் ரெண்டு இடத்துல நின்னுட்டேன். ஒண்ணு, அஞ்சு தொழிலாளியாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது. ஒத்தை வண்டி ஓனர்கிட்ட ஓட்டுற அண்ணன் கணக்குலயே வரலை. 2025 நவம்பர் 21ல அந்தச் சட்டம் போய், தொழிற்பாதுகாப்பு கோடுன்னு புதுசு வந்துது. அதுல அஞ்சு பத்தாச்சு!

ரெண்டாவதுதான் என்னைத் தூக்கி வாரிப் போட்டுது. வேலை நேரம்னா என்னன்னு அந்த 1961 சட்டத்துல ஒரு விளக்கம் இருக்கு. வண்டி ஓடுற நேரம் சேரும். அதைச் சார்ந்த மத்த வேலை சேரும். முனையத்துல சும்மா காத்திருக்கிற நேரமும் சேரும், ஆனா அது பதினஞ்சு நிமிஷத்துக்குக் குறைவா இருந்தாத்தான். அதாவது பத்து நிமிஷம் காத்திருந்தா வேலை. மூணு நாள் காத்திருந்தா வேலையே இல்லை. பஸ்ஸை மனசுல வச்சு எழுதியிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். பஸ் டிரைவர் பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு அடுத்த ட்ரிப் எடுப்பார். லாரிக்காரன் மூணு நாள் டீ குடிக்கிறான், என்ன செய்ய.

வெளிநாட்டுல சொர்க்கம்னு நெனச்சுடாதீங்க. அமெரிக்காவுல ஒரு டிரைவர் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதையும் வேலைக்கு வந்ததுல இருந்து 14 மணி நேரத்துக்குள்ள முடிச்சிரணும். 2017 டிசம்பர்ல இருந்து பெரும்பாலான வண்டியில மின்னணுக் கருவி கட்டாயம். அங்கயும் குடோன் வாசல்ல நின்னா அந்த 14 மணி கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அங்க இருக்கிற டிரைவருங்களும் அதுக்குத்தான் புலம்புறாங்க. ஆனா ஒரு வித்தியாசம். அங்க காத்திருக்கிற நேரமும் கடிகாரத்துல விழுது. தகராறு பண்ண ஒரு கணக்காவது இருக்கு.

நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கலைன்னும் சொல்லிட முடியாது. 2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாராகுற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. மனசார வரவேற்கிறேன். ஆனா இன்ஜின் ஓடினாத்தான் ஏசி ஓடும், வாசல்ல மூணு நாள் நிக்கிறப்ப இன்ஜினை ஓட விட எந்த ஓனர் டீசல் குடுப்பார்? பெட்ரோல் பங்க்ல "அப்னா கர்"னு படுக்கை, குளியலறை, சமைக்க இடம் எல்லாம் வச்சு நாடு முழுக்க சில நூறு இடத்துல தங்குமிடம் கட்டியிருக்காங்க. திருச்சியில 2025 மே மாசம் பஞ்சப்பூர் பஸ் நிலையத்தோட சேர்த்து கனரக சரக்கு வாகன முனையமும் தெறந்தாங்க. நல்ல விஷயம்தான். எல்லாமே வண்டியை விட்டுட்டு நகர முடியுற டிரைவருக்கான விஷயம். வரிசையில நிக்கிறவன் நகர முடியாது, அதான் அவன் பிரச்சனையே.

பிரேக் இன்ஸ்பெக்டர், மாமூல், ஓவர்லோடு, அபராதம் பத்தியெல்லாம் நம்ம பதிவர்கள் ஏற்கனவே கிழிச்சுத் தொங்க விட்டிருக்கீங்க, அதனால விடுறேன். ஒண்ணு மட்டும். 2024 ஜனவரி 1, 2 தேதிகள்ல வடக்க லாரி ஸ்ட்ரைக் நடந்துது ஞாபகமிருக்கா? விபத்துல ஆள் செத்து, போலீஸ்ல சொல்லாம டிரைவர் ஓடிட்டா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில்னு புது சட்டத்துல 106(2)னு ஒரு உட்பிரிவு. அதுக்கு எதிரா. பல ஊர்ல பெட்ரோல் பங்க்ல அடிதடி, கிலோமீட்டர் கணக்குல வரிசை. அப்புறம் பேச்சுவார்த்தை, 2024 ஜூலை 1ல மத்த பிரிவெல்லாம் அமலுக்கு வந்தப்போ அதை மட்டும் நிறுத்தி வச்சாங்க. எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல அந்த ரெண்டு நாளும் ஒரே திட்டு, "லாரிக்காரனுங்க நாட்டையே நிறுத்திட்டானுங்க"ன்னு. லாரி நாமளா நிறுத்துறப்ப மூணு நாள், அஞ்சு நாள் நிக்குது. அப்ப எந்த குரூப்லயும் ஒரு மெசேஜ் வர்றதில்லை.

சரி, என் பொட்டிக்கு வர்றேன். இதுவரைக்கும் மத்தவங்களைச் சொன்னேன், இப்ப என் முறை.

வழியில நின்னா செவப்புன்னு சொன்னேன்ல? சேர வேண்டிய இடத்துக்கு வந்துட்டா என்ன ஆகும்? குடோனைச் சுத்தி மேப்புல ஒரு வட்டம் போட்டு வச்சிருப்போம். வண்டி அந்த வட்டத்துக்குள்ள நுழைஞ்ச செகண்டே "ட்ரிப் முடிஞ்சது"ன்னு பச்சையில ஒரு டிக் விழும். அதோட அந்த வண்டி ஸ்க்ரீன்ல இருந்து காணாமப் போய்டும். இதை யோசிச்சுப் பாருங்க. பங்க்ல நாலு மணி நேரம் தூங்குனா செவப்பு, ரெண்டு மணிக்கு போன். குடோன் வாசல்ல அறுபத்தொம்பது மணி நேரம் நின்னா பச்சை டிக், ஒரு போன் கிடையாது. 2019ல இந்தப் பொட்டி அண்ணன் வண்டியில இருந்திருந்தா, காதுகுத்து அன்னைக்கு அவர் மண்டி வாசல்ல நின்ன அந்த 34 மணி நேரம் பூரா "ட்ரிப் முடிஞ்சது"ன்னு காட்டியிருக்கும். அந்த 165 மணி நேரத்தை சட்டமும் எண்ணலை, சம்பளமும் எண்ணலை. நானும் எண்ணலை. எனக்கு டேட்டா கையிலயே இருந்துது. வண்டி நிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எங்க சர்வர்ல ஒரு வரி இருக்கு. அதை வேணாம்னு வடிகட்டித் தள்ளுற கோடும் நான் எழுதுனதுதான். அந்த 288 மணி நேரமும் கூட இருந்து பாத்தவனே அதை எழுதியிருக்கேன். டிசைன்ல அப்படித்தான் சொல்லியிருந்தாங்க, எழுதிட்டேன். வேற சமாதானம் என்கிட்ட இல்லை.

வட்டத்துக்குள்ள நுழைஞ்ச நேரம், காலியா வெளிய வந்த நேரம், ரெண்டையும் போட்டு, நடுவுல எத்தனை மணி நேரம் நின்னுதுன்னு பில்லுக்குப் பக்கத்துல காட்டணும். ஹால்டிங் காசு கேக்க ஓனர்கிட்ட ஒரு ஆதாரம் இருக்கும். அதுல டிரைவருக்கு இத்தனைன்னு பேசி வச்சுக்கலாம். ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை, நாலு நாள் வேலை. பொங்கல் முடிஞ்சு வந்த வாரமே மேனேஜர்கிட்ட கொண்டு போனேன். அவர் நல்ல மனுஷன், பொறுமையா கேட்டார். கேட்டுட்டு, "நமக்குக் காசு குடுக்குறது சரக்கு அனுப்புறவங்க. அவங்க கேட்டுலதான் வண்டி நிக்குது. அவங்க தப்பை அவங்களுக்கே ரிப்போர்ட் போட்டு அனுப்பச் சொல்றியா?"ன்னார். நியாயமான கேள்வி மாதிரிதான் அப்போதைக்கு இருந்துது. ராத்திரி படுத்தப்புறம்தான் பதில் தோணுச்சு. எந்த குடோன்ல எவ்வளவு நேரம் வண்டி தேங்குதுன்னு தெரிஞ்சா சரக்குக்காரனுக்கும் லாபம்தான். ஒரே வண்டி மாசத்துல இன்னொரு ட்ரிப் அடிக்கும். மறுநாள் அதையும் போய்ச் சொன்னேன். "டிக்கெட் போட்டு வை, பாப்போம்"னார். போட்டிருக்கேன். பேக்லாக்ல 214வது இடத்துல இருக்கு. மண்டி வரிசையை விட மெதுவா நகருது :-(

என் கைக்கு எட்டுனது ஒண்ணுதான். அந்த முப்பது நிமிஷ அலர்ட். ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் பெட்ரோல் பங்க்லயோ தாபாவுலயோ நிக்கிற வண்டிக்கு ஆறு மணி நேரம் வரைக்கும் போன் போகக் கூடாது, செவப்புக்குப் பதிலா நீலப் புள்ளின்னு மாத்தி, அதுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிட்டேன். விபத்து குறையும், இன்சூரன்ஸ் மிச்சம்னு சொல்லித்தான் வாங்கினேன். தூங்கட்டும்னு சொல்லியிருந்தா கிடைச்சிருக்காது.

போன வாரம் அண்ணனுக்கு போன் பண்ணி, "இனிமே தூங்குனா நீலம்ணே"ன்னேன். எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். சேலத்துல, அதே மாதிரி ஒரு குடோன் வாசல்ல, காலையில இருந்து.

"இங்க நிக்கிறதுக்கு என்ன கலருடா?"ன்னார்.

பச்சைன்னு சொல்ல வாய் வரலை. பொண்ணு எப்படிப் படிக்குதுன்னு கேட்டுப் பேச்சை மாத்திட்டேன்.

டிஸ்கி: உங்கள்ல யாராவது குடோன், ஆலை, மண்டி பக்கம் வேலை பாக்குறீங்கன்னா, உங்க கேட்டுல ஒரு வண்டி சராசரியா எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேரு வேண்டாம், மணி நேரம் மட்டும் போதும். அடுத்த மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போகணும்.